மனநோய் உள்ளவர் வழக்கில் சிக்கும் நிலையில் இருந்தால்: வீட்டில் வைத்தே சிகிச்சையும் சட்டமும், படிப்படியாக

வீட்டில் வயது வந்த ஒருவருக்குத் தீவிர மனநோய். பக்கத்து வீட்டோடு சண்டை, டீக்கடையில் தகராறு, ஏற்கெனவே ஓரிரு முறை ஸ்டேஷன். அடுத்த முறை ரிமாண்ட் செய்துவிடுவார்களோ என்ற பயம். அப்படிப்பட்ட வீட்டுக்காகவும், அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கியிருக்கும் புதிய களப்பணியாளருக்காகவும் இதை எழுதுகிறேன். மனநல சமூகப் பணியில் இருப்பவன் என்பதால், குடும்பங்கள் எந்த இடத்தில் வழுக்குகின்றன என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பெரும்பாலான வீடுகளில் அம்மா மருத்துவமனைக்கு அலைவார், அண்ணன் வக்கீலிடம் அலைவார். மருத்துவருக்கு வழக்கு இருப்பது தெரியாது. வக்கீலுக்கு என்ன மருந்து, எப்போது நின்றது என்று தெரியாது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டு ஓட்டத்தையும் ஒன்றாக்கத்தான். வரிசை முக்கியம். முதல் ஆறு படிகளை அமைதியாக இருக்கும் நாட்களில் முடித்துவிட வேண்டும். பிரச்சினை வெடித்த அன்று அவற்றைத் தொடங்க நேரம் இருக்காது.

இங்கே சொல்லும் சட்டம் இந்தியாவுக்கானது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 29 மே 2018. குற்றச் சட்டங்கள் 1 ஜூலை 2024 முதல் மாறிவிட்டன: இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. கோர்ட் வளாகத்தில் இன்னும் பழைய எண்களைத்தான் பலரும் பேசுகிறார்கள் என்பதால், தேவையான இடங்களில் இரண்டையும் தருகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தடித்த கோப்பு உறை. ஆதார் நகல். இதுவரையிலான ஓபி சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி. இப்போது எடுக்கும் மாத்திரை அட்டைகளின் புகைப்படம். ஏதாவது வழக்கு இருந்தால் எஃப்ஐஆர் நகல் அல்லது வழக்கு எண். அப்புறம் ஒரு ஆள்: கோபப்படாமல் போனில் பேசக்கூடிய, நோயாளியும் ஓரளவு நம்பக்கூடிய ஒருவர். அவர் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்க வேண்டியதில்லை. பல வீடுகளில் சித்தப்பா மகனோ பழைய நண்பனோதான் இதற்குச் சரியான ஆள்.

1. எதனால் ஸ்டேஷன் வரை போகிறது என்று எழுதுங்கள்

'இவனுக்குக் கோபம் வந்தால் தாங்காது' என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. கடந்த முறைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். எந்த இடம், எத்தனை மணி, எதிரே யார், முந்தைய வாரம் தூக்கம் எப்படி, மருந்து எடுத்தாரா, குடித்திருந்தாரா, கையில் பணம் இருந்ததா?

மூன்று நான்கு நிகழ்வுகளை எழுதினாலே ஒரு வடிவம் தெரியும். ஒருவருக்கு எல்லாமே ஒரே பக்கத்து வீட்டுக்காரரோடு நடந்திருக்கும், ஏனென்றால் அந்த வீட்டிலிருந்துதான் குரல் வருவதாக அவர் நம்புகிறார். இன்னொருவருக்கு எல்லாமே ஊசி தேதி தவறிய மாதங்களில் நடந்திருக்கும். வேறொருவருக்கு நோய்க்கும் வழக்குக்கும் பெரிய தொடர்பே இருக்காது. வேலை இல்லாமை, கூடாத சகவாசம், குடி ஆகியவைதான் காரணமாக இருக்கும். இந்த மூன்றாவது வகையை மாத்திரையால் மட்டும் தீர்க்கப் பார்ப்பது புதிய களப்பணியாளர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. குரல் கேட்பது நின்றுவிடும், வழக்கு நிற்காது.

இதே கட்டத்தில் பழைய வழக்குகளையும் பாருங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் பெயரை வைத்துத் தேடலாம், மாவட்ட நீதிமன்றத்தில் கேட்டும் தெரிந்துகொள்ளலாம். நோய் அதிகமாக இருந்த காலத்தில் வாய்தாவுக்குப் போகாமல் விட்ட ஒரு சின்ன வழக்கில் பிடியாணை நிலுவையில் இருக்கலாம். எல்லாம் சரியாகி அவர் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒரு வாகனச் சோதனையில் அது எழுந்து வரும்.

2. ஒரே கோப்பு, மேலே ஒரே ஒரு பக்கம்

கோப்பின் முதல் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பெயர், வயது, நோயின் பெயர், எந்த மருத்துவமனை, ஓபி எண், இப்போதைய மருந்தும் அளவும், கடைசி ஊசி தேதி, அடுத்த ஊசி தேதி, ஒவ்வாமை, அழைக்க வேண்டிய இரண்டு எண்கள். இரவு டியூட்டியில் இருக்கும் எஸ்ஐயோ, ரிமாண்ட் பார்க்கும் மாஜிஸ்திரேட்டோ நாற்பது பக்கத்தைப் புரட்டப் போவதில்லை.

அதற்குப் பின்னால் பழைய சீட்டுகளைத் தேதி வரிசைப்படி வையுங்கள். தேதிதான் இங்கே உயிர். சம்பவத்துக்கு முன்பே சிகிச்சையில் இருந்தார் என்று காட்டும் ஒரு கசங்கிய ஓபி சீட்டுக்கு, சம்பவத்துக்குப் பிறகு வாங்கிய அழகான சான்றிதழை விட நீதிமன்றத்தில் எடை அதிகம். சீட்டுகள் தொலைந்திருந்தால் மருத்துவமனையில் எழுத்தில் கேளுங்கள். தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை 2017 சட்டத்தின் 25ஆம் பிரிவு நோயாளிக்குத் தருகிறது.

முதல் தாளை எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பி வைப்பது தவறு. நோயின் விவரம் அவருடையது. யாரிடம் காட்டலாம் என்று அவர் தெளிவாக இருக்கும் நாளில் அவரிடமே கேட்டு, அதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. நியமனப் பிரதிநிதியை இப்போதே எழுதி வாங்குங்கள்

2017 சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, நோயாளி தனக்காகப் பேச ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். முத்திரைத்தாள் வேண்டியதில்லை. நியமிக்கப்படுபவர் வயது வந்தவராக இருக்க வேண்டும், தனக்குச் சம்மதம் என்று அவரும் எழுத்தில் தர வேண்டும். நோயாளி விரும்பினால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

அப்படி எழுதி வைக்காவிட்டால் சட்டமே ஒரு வரிசை வைத்திருக்கிறது. உறவினர், பிறகு கவனித்துக்கொள்பவர் என்று அது போகும். 'உறவினர்' என்றால் எந்த உறவினர்? சொத்துத் தகராறு இருக்கும் வீட்டில் இரண்டு அண்ணன்மார் மருத்துவமனை வாசலில் இரண்டு விதமாகப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் மருத்துவர் யார் பேச்சைக் கேட்பார்?

உட்கார்ந்து பேசும்போதே முன்கூட்டிய உத்தரவு பற்றியும் பேசிவிடுங்கள். எனக்கு முடியாமல் போனால் இந்தச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம் என்று அவரே எழுதி வைப்பது அது. 'கட்டிப் போடாதீர்கள், ஊசி போடுங்கள், அப்பாவைக் கூப்பிடாதீர்கள், மாமாவைக் கூப்பிடுங்கள்' என்று மிகத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் நிறையப் பேர். இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

4. மருந்து தடைபடாத ஏற்பாடு

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

முதலில் இடம். பெயர் பெற்ற பெரிய மருத்துவமனை தூரத்தில் இருந்தால், முதல் மூன்று மாதம் போவார்கள், நான்காவது மாதம் நின்றுவிடும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் மருத்துவக் குழு வரும். எந்த நாள், எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் 14416, அதாவது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய இடத்துக்குப் போங்கள், தப்பில்லை. மாதாமாதம் மருந்து வாங்கப் பக்கத்து இடமே நல்லது. 9ஆம் படியில் இதற்குச் சட்டக் காரணமும் வரும்.

அடுத்து வடிவம். தினமும் மாத்திரைக்காகச் சண்டை நடக்கும் வீடு என்றால், நீண்டநாள் செயல்படும் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஃப்ளூபெனசின் டெக்கனோயேட் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஹாலோபெரிடால் டெக்கனோயேட் பொதுவாக நான்கு வாரத்துக்கு ஒருமுறை. இதன் பெரிய நன்மை, மருந்து தவறினால் அன்றே தெரிந்துவிடும். மாத்திரை என்றால், தலையணைக்கு அடியில் பதினைந்து நாள் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். வேண்டாம். 'எனக்கு விஷம் வைக்கிறார்கள்' என்று ஏற்கெனவே சந்தேகப்படுபவர், சாம்பாரில் கசப்பைக் கண்டுபிடித்தால் அவருடைய சந்தேகம் அன்றிலிருந்து உண்மை. வீட்டில் சாப்பிடுவதை நிறுத்துவார், தெருவில் சுற்றுவார். வழக்கு பிறப்பது அங்கேதான். 'மாத்திரை போடாவிட்டால் போலீஸில் சொல்வேன்' என்ற மிரட்டலும் அதே வகை. அவர் நாளைக்கு உண்மையிலேயே போலீஸைப் பார்க்கும்போது ஓடுவார் அல்லது அடிப்பார்.

மூன்றாவது, பக்கவிளைவு. கழுத்து ஒருபக்கம் இழுப்பது, கண் மேலே சொருகுவது, நாக்கு தடிப்பது ஆகியவை மருந்தால் வருபவை. அன்றே மருத்துவமனைக்குப் போனால் சரி செய்துவிடுவார்கள். இதை விடக் கவனிக்காமல் போவது, ஒரு இடத்தில் உட்கார முடியாத பரபரப்பு. கால் நடந்துகொண்டே இருக்கும், எரிச்சல் ஏறும். குடும்பம் இதை நோய் முற்றுகிறது என்று நினைக்கும், வெளியே இருப்பவர் சண்டைக்கு வருகிறான் என்று நினைப்பார். மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றியோ இன்னொரு மாத்திரை சேர்த்தோ குறைக்க முடியும்.

க்ளோசபின் என்ற மனநோய் மருந்தை எடுப்பவருக்குத் தனிக் கவனம் வேண்டும். இரத்தத்தில் வெள்ளை அணுக்களைத் தவறாமல் பார்க்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் மருந்து விட்டுப்போனால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது, குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். கைதானால் இரண்டு நாள் விட்டுப்போவது மிகச் சுலபம் என்பதால், கோப்பின் முதல் தாளில் இதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

5. குடி இருந்தால்

குடித்த அன்று மருந்து வேண்டாம் என்று பல வீடுகளில் தாங்களாகவே முடிவு செய்கிறார்கள். தினமும் குடிப்பவர் என்றால் தினமும் மருந்து இல்லை என்றாகிவிடுகிறது. எதைத் தரலாம், தூக்க மாத்திரை வகையில் எதைத் தரக் கூடாது என்று மருத்துவரிடம் முன்பே தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குடியை மறைத்தால் அந்தப் பட்டியல் கிடைக்காது.

குடிநோய்ச் சிகிச்சைக்கு ஒரு இடம், மனநோய்க்கு வேறு இடம் என்று அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு இடத்திலும் 'முதலில் அதைச் சரி செய்துவிட்டு வாருங்கள்' என்பார்கள். குடி, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைப் பாதிப்புகளையும் 2017 சட்டம் மனநோய்க்குள்தான் சேர்க்கிறது. ஒரே மருத்துவர் இரண்டையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

6. ஸ்டேஷனுக்குப் பிரச்சினை இல்லாத நாளில் போங்கள்

நோயாளி சம்மதித்தால், ஏரியா ஸ்டேஷனுக்கு நிதானமான ஒரு முன்பகலில் போய் இன்ஸ்பெக்டரையோ எஸ்ஐயையோ பாருங்கள். ஒரு சின்னக் கடிதம் போதும்: இவர் சிகிச்சையில் இருக்கிறார், ஏதாவது என்றால் இந்த எண்ணுக்கு அழையுங்கள், நாங்கள் உடனே வருகிறோம். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் எழுத்தரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். அதிகாரிகள் மாறுவார்கள், ஆள் மாறியதும் மறுபடி ஒருமுறை போக வேண்டும்.

கடிதத்தில் 'இவர் ஆபத்தானவர்', 'அடிக்கடி தாக்குவார்' போன்ற வரிகள் வேண்டாம். நாளைக்கு அதே கடிதம் அவருக்கு எதிராக, நன்னடத்தைப் பிணை (இனி அமைதியாக இருப்பேன் என்ற எழுத்துறுதி) கேட்கும் நடவடிக்கையில் இணைப்பாகப் போகலாம். பழைய 107, 110, இப்போது சுரக்ஷா சன்ஹிதாவின் 126, 129 பிரிவுகள். அந்தப் பிணையை மீறினாலும் சிறைதான்.

இதோடு, அடிக்கடி மோதல் நடக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கடைக்காரரிடமும் ஒரு எண்ணைக் கொடுத்து வையுங்கள். பலர் போலீஸைக் கூப்பிடுவது வேறு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாததால்தான்.

7. நெருக்கடி வந்த அன்று: புகாரில் முதலில் என்ன எழுதப்படுகிறது என்று பாருங்கள்

நான் பார்க்கும் வழக்குகளில் கணிசமானவை குடும்பமே கொடுத்த புகாரில் தொடங்கியவை. 'இரண்டு தட்டு தட்டி மிரட்டி அனுப்புங்கள் சார்' என்று போய்ச் சொல்கிறார்கள். புகார் எழுத்தில் ஏறி எஃப்ஐஆர் ஆகிவிட்டால், அம்மா மறுநாள் அழுதாலும் அதைத் திரும்ப எடுப்பது எளிதல்ல.

அதற்குப் பதில் கேட்க வேண்டியது 2017 சட்டத்தின் 100ஆம் பிரிவு. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று நம்பக் காரணம் இருப்பவரையும், தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் சுற்றித் திரிபவரையும் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மதிப்பீடு செய்ய வைக்க வேண்டும். அப்படி எடுத்தவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. போனில் சொல்லும் வாசகமும் அதற்கேற்ப இருக்கட்டும்: 'மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர், இப்போது கட்டுப்பாட்டில் இல்லை, மருத்துவமனைக்குக் கொண்டுபோக உதவி வேண்டும்.' 108க்கும் இதையே சொல்லுங்கள்.

அவர் வர மறுத்தால் என்ன? உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்றால், எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் அதே சட்டத்தின் 94ஆம் பிரிவின் கீழ் அவசரச் சிகிச்சை தரலாம், 72 மணி நேரம் வரை. அதற்கு மேல் சேர்க்க வேண்டுமானால் 89ஆம் பிரிவு. நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்ப வேண்டும், ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். முதல் தவணை அதிகபட்சம் 30 நாள். 3ஆம் படியை முடிக்காதவர்கள் இந்த இடத்தில்தான் நிற்பார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாருக்காவது உண்மையிலேயே அடி விழுந்துகொண்டிருந்தால், முதலில் வெளியேறுங்கள், 112க்கு அழையுங்கள். புகார் தரும் உரிமை அடிவாங்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் எப்போதும் உண்டு. நோயாளியைக் காப்பாற்ற அவர்கள் பொறுத்துப்போக வேண்டும் என்று எந்தக் களப்பணியாளரும் சொல்லக் கூடாது.

8. பிடித்துக்கொண்டு போய்விட்டால்: முதல் 24 மணி நேரம்

வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில், இது கைதா, 100ஆம் பிரிவுப் பாதுகாப்பா, விசாரணைக்கு அழைத்ததா என்று கேளுங்கள். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது தேவையில்லை என்றால் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின் கீழ் ஆஜராகும்படி நோட்டீஸ் தர வேண்டும். முன்பு இது 41ஏ. இந்த நோட்டீஸை வாங்கி மடித்து வைத்துவிட்டு மறந்துபோகிற வீடுகள் உண்டு. நோட்டீஸ்படி போகாததே கைதுக்குக் காரணமாகிவிடும். நோயாளி தனியாகப் போகக் கூடாது, யாராவது கூடப் போக வேண்டும்.

இரண்டாவது, கோப்பின் முதல் தாளின் நகலை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது பதிவாகாது. கைதின்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் அந்த மருத்துவர் கையிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

மூன்றாவது, 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேளுங்கள், அல்லது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஆளை அனுப்புங்கள். காவலில் இருப்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இந்த உரிமை இருப்பதை மனநோய் உள்ளவரிடம் சொல்வது போலீஸுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் கடமை என்று 2017 சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது.

நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவரும்போது, வக்கீல் அதே 2017 சட்டத்தின் 102ஆம் பிரிவைக் கேட்க வேண்டும். மனநோய் இருக்கலாம் என்று தோன்றும் ஒருவர் முன்னிலைப்படுத்தப்பட்டால், மதிப்பீட்டுக்காக அவரை மனநல மருத்துவமனையில் அதிகபட்சம் பத்து நாள் வரை சேர்க்க மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். கேட்டால்தான் கிடைக்கும். ரிமாண்ட் ஒரு சில நிமிடத்தில் முடிந்துவிடும், ஆகவே மனு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், நலிவுற்றவரையோ 60 வயதைத் தாண்டியவரையோ டிஎஸ்பி நிலை அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 35(7) சொல்கிறது. உங்கள் ஆளுக்கு அது பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்டு வையுங்கள்.

9. நீதிமன்றத்தில் இரண்டு கேள்விகளைக் குழப்பாதீர்கள்

சம்பவம் நடந்த நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்பது ஒரு கேள்வி. அது நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, பழைய 84. தான் செய்வது என்ன, அது தவறா என்று அறிய முடியாத நிலையில் செய்திருந்தால் அது குற்றமாகாது. நிரூபிக்கும் பொறுப்பு நம் பக்கம். நோய் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்த நேரத்து நிலையைக் காட்ட வேண்டும். அப்படியே விடுதலையானாலும் நேராக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் வைக்கவோ உறவினரிடம் ஒப்படைக்கவோ சுரக்ஷா சன்ஹிதாவின் 374ஆம் பிரிவில் உத்தரவு வரும்.

இப்போது வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்பது இரண்டாவது கேள்வி. இதுவும் சுரக்ஷா சன்ஹிதாதான்: 367, 368 பிரிவுகள், பழைய 328, 329. தன் தரப்பைச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார் என்று நீதிமன்றம் கண்டால், 369ஆம் பிரிவு திறக்கிறது. சமூகத்தில் வைத்துச் சிகிச்சை தருவதற்குச் சட்டம் நேரடியாக வைத்திருக்கும் கதவு இதுதான்: வழக்கு ஜாமீனில் விடக்கூடியதோ இல்லையோ, உள்நோயாளியாக இருக்க வேண்டிய தேவை இல்லை என்றால், உறவினரோ நண்பரோ அருகிலுள்ள மருத்துவமனையில் தொடர்ந்து வெளிநோயாளிச் சிகிச்சை பெறவைப்பதாகவும், அவர் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்ப்பதாகவும் உறுதி தந்தால், பிணையில் விட வேண்டும்.

அருகிலுள்ள மருத்துவமனை என்பது சட்டத்தின் வாசகம். மாநிலத்தின் மறுகோடியில் உள்ள புகழ்பெற்ற இடத்தை எழுதினால் மதிப்பு கூடும் என்று நினைக்கிறார்கள். இரண்டாவது மாதம் அங்கே போக முடியாமல் போனால், நீங்கள் தந்த உறுதி உடைகிறது. உங்களால் எந்த மழையிலும் போக முடிகிற இடத்தை எழுதுங்கள். ஓபி நாள், மருத்துவமனை பெயர், கூட்டிப் போகும் ஆள், மருந்துச் செலவு யாருடையது என்று உறுதிமொழி எவ்வளவு திட்டவட்டமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 'நன்றாகப் பார்த்துக்கொள்வோம்' என்ற வரியை எல்லோரும்தான் எழுதுகிறார்கள்.

கையெழுத்துப் போடுபவர் யார் என்பதையும் யோசியுங்கள். எழுபது வயது அம்மா போட்டுவிட்டு, அவர் எழுந்து கதவைச் சாத்தக்கூட முடியாத நிலை என்றால் நீதிபதிக்கே அது தெரியும்.

இந்த நிலைக்கு வராத, ஓரளவு தெளிவாக இருக்கும் நோயாளிக்கு வழக்கமான ஜாமீன் மனுதான். நோயுற்றவர், நலிவுற்றவர் என்ற அடிப்படையையும் அதில் வைக்கலாம். அதே சிகிச்சைத் திட்டத்தை அந்த மனுவோடும் இணையுங்கள். ஜாமீன் நிபந்தனையாகத் தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று வரும்போது, இரவு மருந்தால் எட்டு மணிக்கே எழ முடியாதவரா, ஓபி நாளோடு மோதுமா என்று அங்கேயே சொல்லி மாற்றிக் கேளுங்கள். நிறைவேற்ற முடியாத நிபந்தனைதான் மறுபடி உள்ளே அனுப்புகிறது.

10. உள்ளே இருக்கும் நாட்களில்

மனு போட்டுப் பார்க்கும் முதல் நாளே சிறை மருத்துவருக்கு எழுதிய கடிதமும் மருந்துச் சீட்டின் நகலும் கொண்டுபோங்கள். மாத்திரையை நேரடியாகக் கொடுக்க விடமாட்டார்கள், சீட்டு போகும். அடுத்த ஊசி தேதியைப் பெரிதாக எழுதுங்கள். நிலை மோசமானால் சிறையின் மருத்துவப் பிரிவில் உள்ள மனநல வார்டுக்கு, அது இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியத்தின் (2017 சட்டப்படி நோயாளிகளின் உரிமைகளைக் கவனிக்கும் அமைப்பு) அனுமதியோடு வெளியே உள்ள மனநல மருத்துவமனைக்கு மாற்ற அதே சட்டத்தின் 103ஆம் பிரிவு வழி செய்கிறது. வாரியத்துக்கு நியமனப் பிரதிநிதியே எழுதலாம்.

விசாரணைக் கைதியாகவே நீண்ட நாள் இருப்பவர் என்றால் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். ஆயுள் அல்லது மரண தண்டனை இல்லாத வழக்கில், அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம், இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவருக்கு மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்கக் கேட்கலாம். வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் இது கிடைக்காது.

11. வெளியே வரும் நாளும் அடுத்த இரண்டு வாரமும்

ஜாமீன் உத்தரவு கிடைத்ததும் எல்லோரும் மூச்சு விட்டுவிடுகிறார்கள். நான் அதிகம் பயப்படும் காலமே அப்போதுதான் தொடங்குகிறது. கையில் மருந்து இருக்காது, தூக்கம் கெட்டிருக்கும், பழைய நண்பர்கள் வாசலில் நிற்பார்கள்.

ஆகவே, உத்தரவு வந்த அன்றே மூன்று வேலை. சிறை மருத்துவரிடம் அங்கே தந்த மருந்தின் விவரத்தை எழுதி வாங்குங்கள். ஒரு வாரத்துக்குள் ஓபி தேதி உறுதி செய்யுங்கள். வாசலில் காத்திருக்க, நோயாளி நம்பும் அந்த ஆளை அனுப்புங்கள். விடுவிப்பது பெரும்பாலும் சாயங்காலம், எத்தனை மணி என்று முன்கூட்டியே தெரியாது. யாரும் இல்லாமல் வாசலில் நின்றவர் எந்தப் பஸ்ஸில் ஏறினார் என்று தேடும் வேலை யாருக்கும் வேண்டாம்.

எங்கே தங்குவார் என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். புகார் கொடுத்தவர் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார் என்றால், கொஞ்ச காலம் வேறு உறவினர் வீடு. வீடே இல்லாதவர், குடும்பம் ஏற்காதவர் என்றால் மாவட்ட மனநலத் திட்டச் சமூகப் பணியாளரிடம் மறுவாழ்வு இல்லம் பற்றிக் கேளுங்கள். பாதி வழி இல்லம் (மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையில் கொஞ்ச காலம் தங்கும் இடம்), ஆதரவுடன் கூடிய தங்குமிடம், வீட்டிலேயே மறுவாழ்வுச் சேவை எல்லாமே 2017 சட்டத்தின் 18ஆம் பிரிவில் அரசின் பொறுப்பாகச் சொல்லப்பட்டவை. காத்திருப்பு இருக்கும் என்பதால், உள்ளே இருக்கும்போதே கேட்கத் தொடங்குங்கள்.

இந்த இரண்டு வாரத்தில் வேலைக்குப் போ, பணம் கொண்டுவா என்று நெருக்க வேண்டாம். ஆனால் நாள் முழுக்கச் சும்மா படுத்திருக்கவும் விடாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, ஒரு சின்ன வெளிவேலை, இரவு மருந்து, இவ்வளவு போதும்.

12. வாய்தாவும் ஓபி நாளும் ஒரே நாட்காட்டியில்

நீதிமன்ற நாள், ஊசி நாள், ஸ்டேஷன் கையெழுத்து நாள் மூன்றையும் ஒரே நாட்காட்டியில், மூன்று நிறத்தில். ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் அடுத்த தேதியை அங்கேயே கேட்டு எழுதுங்கள், இ-கோர்ட்ஸிலும் சரிபாருங்கள். முந்தின நாள் இரவு சட்டை, கோப்பு, பஸ் காசு எடுத்து வைத்துவிடுங்கள்.

வர முடியாத நிலை என்றால் காலையிலேயே வக்கீலுக்குச் சொல்லி, ஆஜராவதிலிருந்து அன்றைக்கு விலக்குக் கேட்டு மனு போட வேண்டும். கோர்ட்டில் '317 பெட்டிஷன்' என்பார்கள், இப்போது சுரக்ஷா சன்ஹிதாவின் 355. அன்றைய ஓபி சீட்டை அதோடு இணையுங்கள். தவறிப்போய்ப் பிடியாணை பிறந்துவிட்டால் ஒளிந்துகொள்ள வேண்டாம். வக்கீலோடு நேரில் போய் அதைத் திரும்பப் பெற மனு போடுவதே நல்லது. தானாக வந்து நிற்பவரையும் போலீஸ் பிடித்து வருபவரையும் நீதிமன்றம் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோப்பின் முதல் தாளைப் புதிதாக எழுதி, பழையதைக் கிழித்துவிடுங்கள். மாறிய மருந்தைப் பழைய தாளைப் பார்த்துக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. ஸ்டேஷனில் கொடுத்த கடிதத்தில் போன் எண் மாறியிருந்தால் அதையும் அன்றே மாற்றிக் கொடுங்கள்.